சதமடிக்காத ஊரிலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி தொடங்கிவிட்டால் உங்கள் நாளிதழில் தினமும் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது: வெயில் சதமடித்த, அதாவது 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்ட ஊர்கள். வேலூர், திருத்தணி, ஈரோடு, கரூர் பரமத்தி என்று கிரிக்கெட் ஸ்கோர் போல வரிசையாக இருக்கும். சென்னை வெயிலை அளக்கும் எங்கள் நுங்கம்பாக்கம் பல நாள் அதில் இருக்காது. 96, 97 என்று நின்றுவிடும். அன்றைக்குப் பார்த்து வேலூரிலிருந்து என் அக்கா போன் பண்ணுவாள். "உனக்கென்னடி, கடக்காத்து வாங்கிட்டு உக்காந்திருக்கே" என்பாள். ராயபுரத்தில் நான் அப்போது அன்றைய மூன்றாவது ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டிருப்பேன்.

போன மே மாதம் அக்கா வீட்டில் நான்கு நாள் தங்கினேன். வெளியே நெருப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கொடியில் போட்ட புடவை காபி குடித்து முடிப்பதற்குள் காய்ந்து மொறமொறவென்று நின்றது. மண்பானைத் தண்ணீர் தொண்டையில் சில்லென்று இறங்கியது. அதே கடையில் அதே மாதிரி ஒரு பானை வாங்கி வந்து என் சமையலறையில் வைத்தேன். வெளிப்புறம் ஈரமாகவே இருக்கிறது, தண்ணீர் மட்டும் குளிரவில்லை. பானையில் குற்றமில்லை. பானைக்குள்ளிருந்து கசியும் நீர் காற்றோடு போனால்தான் உள்ளே குளிரும். எங்கள் காற்றில்தான் ஏற்கெனவே கடல் இருக்கிறதே, அது எங்கே வாங்கிக்கொள்ளப் போகிறது?

உடம்பும் இந்தப் பானைதான். 31 வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் என்பதால் இதை உரிமையோடு சொல்கிறேன். வேர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்வதால்தான் குளிர்கிறது. காயாமல் சொட்டும் வேர்வை உப்பையும் நீரையும் எடுத்துக்கொண்டு போகிறதே தவிர, சூட்டை எடுத்துக்கொண்டு போவதில்லை. அமெரிக்க வானிலைத் துறை இதற்கென்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அதன்படி 96 டிகிரி வெயிலும் 60 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு அது 116 போல. அதுவும் நிழலில். ஆக, உங்கள் பட்டியலில் இடம் பிடிக்காத நாளில் நாங்கள் 116-இல் வேகிறோம்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தது நினைவிருக்கும். அது கத்திரி இல்லை, சதமடித்த நாளும் இல்லை. கடற்கரையில்தான் நின்றிருந்தார்கள், "கடக்காத்து" வாங்கிக்கொண்டு. கடலோர ஊரில் வெப்ப அலை என்று அறிவிக்க வேண்டுமானால் 37 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியும் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஈரப்பதத்துக்கு இடமே இல்லை. வெப்பமும் ஈரப்பதமும் சேரும் நாட்களில் "அசௌகரியம்" ஏற்படலாம் என்று வானிலை அறிக்கையில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். ரொம்ப மரியாதையான வார்த்தை.

சதக் கணக்கை நம்பி நானே ஏமாந்த கதையும் உண்டு. வேலூரில் அக்கா வீட்டு ஏர்கூலர் ஜம்மென்று வேலை செய்ததைப் பார்த்துவிட்டு இங்கே ஒன்று வாங்கினேன். கடைக்காரரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னலையெல்லாம் சாத்தி இரவு முழுக்க ஓடவிட்டதில் தலையணை உறை பிழியும் அளவுக்கு ஈரமானது. என் வீட்டுக்காரருக்கு விடிகாலையில் இரண்டு கெண்டைக்காலிலும் குரக்களி. இருக்கும் ஈரம் போதாதென்று அறைக்குள் இன்னும் ஈரத்தை ஏற்றியிருக்கிறேன்! கடலோரத்தில் கூலரை வாங்கியவர்கள் தண்ணீர் ஊற்றாமல் வெறும் விசிறியாக ஓட்டி, எதிர் ஜன்னலைத் திறந்து வைக்கலாம். அதற்கு இருக்கிற மின்விசிறியே போதும் என்பது வேறு விஷயம்.

மின்விசிறியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வேர்வையைக் காய வைக்க ஏழை வீட்டில் இருக்கும் ஒரே கருவி அது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் அது மருத்துவப் பிரச்சினை. பகலில் வெந்த உடம்பு இரவில் ஆறவில்லை என்றால் மறுநாள் வெயிலைப் பாதிப் பலத்தோடுதான் சந்திக்கும். ஆனால் உங்கள் பட்டியலில் இரவைப் பற்றி ஒரு எண்கூட வருவதில்லை.

அப்புறம், வார்டில் திரும்பத் திரும்பப் பார்த்தது. "வேர்க்குது இல்ல, அப்ப ஹீட் ஸ்ட்ரோக் கிடையாது" என்று நோயாளியை வீட்டிலேயே படுக்க வைத்திருப்பார்கள். புழுக்கத்தில் வேலை செய்து விழுபவருக்கு வேர்த்துக்கொண்டே இருக்கும்போதும் ஹீட் ஸ்ட்ரோக் வரும். வேர்வையைப் பார்க்காதீர்கள், பேச்சைப் பாருங்கள். உடம்பு கொதிக்க, பேச்சு குழறினாலோ, உளறினாலோ 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவர் வாயில் சோடாவையோ மோரையோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்து மடக்கென்று குடிக்கும் பழக்கமும் ஒழியவில்லை. பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அளவு உறையிலேயே இருக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் ரத்த அழுத்தக்காரர்கள் கத்திரிக்கு முன்பே மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது. நானாக நிறுத்திவிட்டேன் என்று வந்து படுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வேர்க்குருவுக்குப் பவுடரை அள்ளி அப்புவதைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். அடைத்துக்கொண்ட துளையை மேலும் அடைக்கும் வேலை அது. தொடையிடுக்கில் படர்தாமரை வந்தால் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். அரிப்பு இரண்டு நாள் அடங்கும், படை மட்டும் இரண்டு மடங்காகும்.

சரி, நான் கேட்க வந்தது சின்ன விஷயம். நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் காலை 8.30-க்கும் மாலை 5.30-க்கும் ஈரப்பதம் அளக்கிறார்கள், இரவின் குறைந்தபட்ச வெப்பமும் கணக்கில் இருக்கிறது. சதப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே கடலோர ஊர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடிக்காரர்களும் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வேலூருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
ராயபுரம், சென்னை – 13