சர்வதேச சட்டம் வீண் என்று எழுதிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் உங்கள் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரை, உலக அரசியலில் பலம் மட்டும்தான் பேசும், ஒப்பந்தமும் நீதிமன்றமும் வெறும் அலங்காரம் என்று முடிந்திருந்தது. நவயதார்த்தவாதம் இதைத்தான் சொல்கிறது என்றும், நவதாராளவாதம் என்பது நல்ல மனசுக்காரர்களின் கனவு என்றும் எழுதியிருந்தார்கள். இந்த இரண்டையும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்துபவன் நான், அதுவும் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்துக் கடற்கரையில் இருந்துகொண்டு. அதனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நவயதார்த்தவாதத்துக்கு அடிப்படை போட்டவர் கென்னத் வால்ட்ஸ், 1979-ல். நாடுகளுக்கு மேலே ஒரு அரசு இல்லை, ஒருவன் அடித்தால் போய்ப் புகார் கொடுக்க போலீஸ் ஸ்டேஷன் இல்லை, ஆகவே தலைவர்கள் நல்லவர்களோ கெட்டவர்களோ, ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ளப் பார்க்கும் என்பது அவர் வாதம். சரி. எதிர்ப்பக்கம், நவதாராளவாதத்தின் சார்பில் ராபர்ட் கியோஹேன் 1984-ல் என்ன சொன்னார்? அவரும் இதே இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்! மேலே அரசு இல்லை, நாடுகள் சுயநலக்காரர்கள் என்பதை அப்படியே ஒப்புக்கொண்டு, அந்தச் சுயநலக்காரர்கள்கூட அமைப்புகளை உருவாக்கி விதிகளுக்குக் கட்டுப்படுவது ஏன் என்று கேட்கிறார். யார் என்ன செய்கிறான் என்ற தகவல் அமைப்பு வழியாகக் கிடைக்கிறது, ஒரு விஷயத்தில் ஏமாற்றினால் இன்னொரு விஷயத்தில் விலை கொடுக்க வேண்டி வருகிறது, நாளைக்கும் அதே ஆட்களோடு உட்கார வேண்டியிருக்கிறது. இதில் கனவு எங்கே இருக்கிறது, முழுக்கக் கணக்குதானே. (பொருளாதாரத்தில் தனியார்மயம் பற்றிப் பேசும்போது வரும் நவதாராளவாதம் இது இல்லை, உங்கள் கட்டுரை இரண்டையும் ஒரு இடத்தில் போட்டுக் குழப்பியிருந்தது.)

உண்மையான சண்டை வேறு இடத்தில். ஒப்பந்தத்தால் எனக்கு லாபம் வந்தால் போதும் என்று நாடுகள் நினைக்குமா, அல்லது எனக்கு 5 வந்து உனக்கு 8 வந்தால் அந்த 3 நாளைக்கு என் மேலேயே பாயும் என்று பயப்படுமா? 1988-ல் ஜோசப் கிரீகோ நவயதார்த்தவாதிகள் பக்கம் நின்று எழுப்பிய கேள்வி இது. நியாயமான கேள்விதான், எளிதில் ஒதுக்க முடியாது.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். 2012 பிப்ரவரி 15, கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைலில், எண்ணெய்க் கப்பல் என்ரிகா லெக்ஸியில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் செயிண்ட் ஆன்டனி விசைப்படகில் இருந்த இரண்டு மீனவர்கள் செத்தார்கள். ஒருவர் நம் மாவட்டத்துக்காரர், இன்னொருவர் கொல்லத்துக்காரர். கடற்கொள்ளையர் என்று நினைத்தார்களாம். அடுத்த ஒன்பது வருடம் நடந்ததை எடுத்துப் பாருங்கள், இரண்டு கோட்பாட்டையும் இதற்கு மேல் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் காட்ட முடியாது.

2013 மார்ச்சில், இங்கே கைதாகி நீதிமன்ற அனுமதியோடு ஊருக்குப் போயிருந்த இரண்டு வீரர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றது இத்தாலி. உச்ச நீதிமன்றம் இத்தாலியத் தூதரை நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று சொன்னது, அப்புறம்தான் வீரர்கள் திரும்பி வந்தார்கள். 2015-ல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் இந்தியா சேர முயன்றபோது இத்தாலி குறுக்கே நின்றது. 2016 மே மாதம் இந்தியாவில் மிச்சமிருந்த ஒரு வீரரும் ஊருக்குப் போக அனுமதி கிடைத்தது, ஜூன் மாதம் இந்தியா அந்த அமைப்பில் சேர்ந்துவிட்டது. இதைப் பார்த்து, பேரம்தான் நடந்தது, நம் மீனவன் உயிர் அதில் ஒரு சில்லறை என்று யாராவது கோபப்பட்டால் நான் மறுக்க மாட்டேன். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஹேக் நகரில் நடந்த நடுவர் மன்ற விசாரணையிலும் 2020-ல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வீரர்களுக்கு விலக்குரிமை (அரசு வேலையில் செய்ததற்கு வேறு நாட்டு நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு) உண்டு, இந்தியா அவர்கள் மேல் வழக்கு நடத்த முடியாது என்றுதான் தீர்ப்பு வந்தது. கடைசியில் ரோமிலும் அவர்கள் தண்டிக்கப்படவில்லை.

ஆனால் அதே தீர்ப்பின் மறுபக்கத்தை உங்கள் கட்டுரையாளர் படித்தாரா? படகின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது, உயிரிழப்புக்கும் படகுச் சேதத்துக்கும் படகில் இருந்தவர்கள் பட்ட மன வேதனைக்கும் இத்தாலி ஈடு கொடுக்க வேண்டும் என்றது அதே மன்றம். 10 கோடி ரூபாய் வந்தது, குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. இதற்கு முன்பே ஒரு தொகை கருணையாகக் கொடுத்திருந்தார்கள். கருணை என்றால் கொடுத்தவன் பெரிய மனுஷன். இது அப்படி இல்லை, தப்பு செய்ததற்காகக் கட்டியே ஆக வேண்டிய பணம். ஒரு ஐரோப்பிய நாட்டை ஒரு விசைப்படகுக்கு முன்னால் அந்த நிலையில் நிறுத்தியது பீரங்கி இல்லை, 1982-ல் எழுதிய கடல் சட்ட ஒப்பந்தம்.

வகுப்பில் ஒரு பையன், அப்பா ஆழ்கடலுக்குப் போகிறவர், "சார், அப்போ கேஸ்ல ஜெயிச்சது யாரு?" என்று கேட்டான். ஆளைத் தண்டிக்க விடாமல் தடுத்தது பலம், பணத்தைக் கட்ட வைத்தது சட்டம், இரண்டையும் எழுது என்றேன். இப்போதும் அதுதான் என் பதில்.

இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுக்கூட்டத்தில், ராணுவத் தளம் இருக்கும் டியேகோ கார்சியா தீவின் கதையும் இதே ரகம். நம் பக்கத்துச் சுறா படகுகள் அங்கே பிடிபட்டு அபராதம் கட்டிய சங்கதி இங்கே எல்லோருக்கும் தெரியும். சாகோஸ் தீவுகளை விட்டு பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று 2019-ல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது, ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் ஆதரவு, 6 மட்டும் எதிர்ப்பு. 2025 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இறையாண்மை மொரீஷியஸுக்கு என்று எழுதினார்கள், ராணுவத் தளத்துக்கு மட்டும் 99 வருடக் குத்தகை. வால்ட்ஸ் அந்தத் தளத்தைக் காட்டுவார், கியோஹேன் அந்தக் கையெழுத்தைக் காட்டுவார்.

வெட்ஜ் பேங்க் பற்றியும் ஒரு வார்த்தை. கச்சத்தீவை நாம் தினமும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் அந்த மீன்வளப் பரப்பு 1976 ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு உறுதியானது, இலங்கைப் படகுகளுக்கு மூன்று வருட அவகாசம்தான் கிடைத்தது. அதை எத்தனை பேர் பேசுகிறோம்? யாருக்கு எவ்வளவு கூடுதலாகப் போனது என்று மட்டும் பார்க்கும் கிரீகோவின் பயம் நமக்குள்ளும் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து எழுதியதால் கிடைத்ததை நாம் கணக்கில் வைப்பதே இல்லை.

எனக்குப் பயம் என்னவென்றால், சட்டம் வீண் என்று பத்திரிகையே எழுதினால் அதிகாரிகளுக்கு அது நல்ல சாக்கு. போய் வாதாடவே வேண்டாம், பெரிய நாடுகள் முடிவு செய்துவிட்டார்கள் என்று கையை விரித்துவிடலாம். பலம் உள்ளவனுக்கு விதி தேவையில்லை, ஆயிரம் மைல் தாண்டித் தூண்டில் போடப் போகிறவனுக்குத்தான் தேவை. இரண்டு கோட்பாடுமே நாடுகளைத்தான் ஆளாக எண்ணுகின்றன, படகை எண்ணுவதில்லை என்பது என் பெரிய குறை. படகை எண்ண வைக்க வேண்டியது நம் வேலை, உங்கள் வேலையும்கூட.

சீஷெல்ஸில் தலைமையகம் வைத்திருக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையத்தில் இந்தியாவும் உறுப்பினர். திரெஷர் வகைச் சுறாக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கேதான் 2010-ல் முடிவெடுத்தார்கள், தூத்தூர் வீடுகளின் வருமானத்தைத் தொடும் முடிவு அது. ஆணையத்தின் அடுத்த கூட்டத்துக்கு இந்தியா சார்பில் யார் போகிறார்கள், நம் மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்களிடம் யாராவது கருத்துக் கேட்டார்களா, அங்கே என்ன பேசினார்கள் என்று செய்தி போடுங்கள். ஹேக் தீர்ப்பில் ஈட்டுத்தொகை பற்றி வரும் பகுதியையாவது தமிழில் வெளியிடுங்கள், நான் வகுப்பில் அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
அரசியல் அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
தூத்தூர் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.