16 சேனல்னு வாங்கினது 8 சேனலா நிக்குது, இது நாலாவது மெயில்

சர்வீஸ் டிபார்ட்மென்ட்ல யார் படிக்கறீங்களோ, வணக்கம்.

நான் ராணிப்பேட்டை சிப்காட்ல ஸ்ட்ரெயின் கேஜ் (இரும்பு எவ்வளவு இழுபடுதுன்னு அளக்கற சின்ன சென்சார்) ஒட்டி டெஸ்ட் எடுத்துக் குடுத்து பொழைக்கறவன். அந்த கேஜ் ரீடிங் எடுக்கற உங்க 16 சேனல் பாக்ஸ் வாங்கி மூணு மாசம் ஆச்சு, 9ல இருந்து 16 வரைக்கும் ஒரு சேனல் கூட இன்னிக்கு வரைக்கும் ரீடிங் குடுக்கல. ஆன் பண்ணா ஓவர்லோட் லைட்டு செவப்பா எரியுது, ரீடிங்க பூஜ்யத்துக்கு கொண்டு வர ஜீரோ பேலன்ஸ் அடிச்சா ஃபெயில்னு வருது.

நான் கேட்டது 350 ஓம் குவார்ட்டர் பிரிட்ஜ், அதாவது நாலு ஆர்ம் சர்க்யூட்ல ஒரு ஆர்ம் என் கேஜ், மீதி பாக்ஸுக்குள்ளயே இருக்கணும், ஆர்டர்லயே எழுதி இருக்கு. முன்னாடி எட்டு சேனல் கார்டுல கேஜுக்கு பக்கத்து ஆர்ம நிரப்பற கம்ப்ளீஷன் ரெசிஸ்டர் 350 இருக்கு, பின்னாடி எட்டு சேனல் கார்டுல மீட்டர் வச்சா 120 காட்டுது. ஒரு ஆர்ம்ல 350 பக்கத்து ஆர்ம்ல 120 இருந்தா எந்த பிரிட்ஜ் சார் பேலன்ஸ் ஆகும்? பிரிட்ஜுக்கு குடுக்கற 5 வோல்ட் எக்சைட்டேஷன்ல, 1000 மைக்ரோஸ்ட்ரெயினுக்கே (மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் நீட்சி) வர்றது 2.5 மில்லிவோல்ட்தான், இங்க சும்மா இருக்கும்போதே ஒரு வோல்ட்டுக்கு மேல சாய்ஞ்சு கெடக்கு. இத நான் உங்களுக்கு சொல்லணுமா, நீங்க செஞ்ச பொருள்தானே?

மூணு தடவ ஃபோன்ல சொல்லி ஆகாம, பாக்ஸ மடியில வச்சுக்கிட்டு காலைல அஞ்சு மணிக்கு முத்துக்கடைல பஸ் ஏறி பூந்தமல்லி வந்து அங்க இருந்து ஆட்டோ புடிச்சு உங்க அம்பத்தூர் ஆபீஸ் வந்தேன், வெயில் சொல்லவே வேணாம், கேட்டுலயே அரை மணி நேரம், அப்பறம் ஒன்றரை வரைக்கும் சோஃபால உக்கார வச்சுட்டு லன்ச் முடிச்சு வந்த சார் சொன்ன முதல் வார்த்தை, "கேஜ் ஒட்டத் தெரிஞ்சவங்கள வச்சு ஒட்டுங்க". கேஜே இல்ல சார், 350 ஓம் பிரசிஷன் ரெசிஸ்டர் வச்சே ஓவர்லோட்தான் வருது, அதே ரெசிஸ்டர் மூணாவது சேனல்ல போட்டா ஒழுங்கா இருக்கு, ஷன்ட் கால் (தெரிஞ்ச அளவ குடுத்து சரிபாக்கறது) அடிச்சா 1000 கரெக்டா நிக்குதுன்னேன். "அதெல்லாம் எங்க ப்ரொசீஜர்ல இல்ல"ன்னாரு. அதோட விட்டாரா, "ராணிப்பேட்டைல இதெல்லாம் எதுக்கு சார்?"னு ஒரு சிரிப்பு வேற. பெல் (BHEL) கம்பெனியோட பாய்லர் ஆக்சிலரிஸ் பிளான்ட் எந்த ஊர்ல இருக்குன்னு அவர யாராவது கேளுங்க. அந்த சிரிப்ப நான் மறக்க மாட்டேன்.

பாக்ஸ வாங்கி வச்சுக்கிட்டு பத்து நாள் கழிச்சு "டெஸ்ட் ஓகே"ன்னு சீட்டு ஒட்டி அனுப்பினீங்க. மூடியோட நாலு ஸ்க்ரூ மேலயும் நான் நெயில் பாலிஷ் வச்சு குடுத்தேன், வச்சது வச்ச மாதிரியே வந்திருக்கு. தொறக்கவே இல்ல! தொறக்காம என்னத்த டெஸ்ட் பண்ணீங்க?

இதுக்கு நடுவுல ஒரு பிரஷர் வெசல் ஹைட்ரோ டெஸ்ட், தண்ணி ரொப்பி, பதினாறு கேஜ் ஒட்டி, இன்ஸ்பெக்டர் வந்து நிக்கறாரு, எட்டு கேஜ்தான் வேல செய்யுது. பாதி ரிப்போர்ட்டுக்கு யார் சார் காசு குடுப்பாங்க? பத்து வருஷமா சேத்த பேரு ஒரே நாள்ல போச்சு, அந்த பார்ட்டி இப்ப என் ஃபோனே எடுக்கறதில்ல. கோடி ரூபா குடுத்தாலும் அது திரும்ப வராது.

கோவத்துல எதாவது தப்பா எழுதி இருந்தா மன்னிச்சுக்கோங்க. எனக்கு சண்டை வேணாம், 350 ஓம் கார்டு ஒண்ணு அனுப்புங்க, நானே மாட்டிக்கறேன். ஒரு வாரம் பாப்பேன். இல்லன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சுட்டு நுகர்வோர் கோர்ட்டுல கேஸ்தான். தொழிலுக்கு வாங்கினா கேஸ் நிக்காதுன்னு உங்க ஆளு ஃபோன்ல சட்டம் பேசினாரு, சொந்தமா பொழப்பு நடத்த வாங்கினா நிக்கும், 2019 சட்டத்துலயே இருக்கு. நான் இருக்கற ஊர்லயே போடலாம்னும் இருக்கு, இந்த தடவ பஸ் ஏற வேண்டியது நீங்கதான்.

பதில் மெயில்ல போடுங்க, ஃபோன் வேணாம், ஹோல்டுல போடற மியூசிக் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு.

இப்படிக்கு,
எட்டு சேனல் கஸ்டமர், ராணிப்பேட்டை

பி.கு: வேல செய்யற எட்டு சேனல்லயும் கரன்ட் இரைச்சல வடிகட்டற ஃபில்டர 60 ஹெர்ட்ஸ்ல வச்சு அனுப்பி இருந்தீங்க. நம்ம ஊர் கரன்ட் 50. அத நானே மாத்திக்கிட்டேன்.