ஆண்டறிக்கை 2024: வங்காலைக் கரையில் சிவப்பு உள்ளான்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

ஹட்டனில் இயங்கும் நமது பறவை நோக்கும் சங்கத்தின் 2024 ஆம் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். அடைமழை பெய்த இரண்டு மாதங்கள் தவிர மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஓகஸ்ட் கடைசியில் மன்னார் வங்காலைச் சரணாலயத்துக்குப் போய்வந்ததைப் பற்றி மட்டும் சற்று விரிவாகப் பேச அனுமதி கேட்கிறேன்.

இந்தப் பயணத்துக்கான எண்ணம் 2023 இலேயே பிறந்துவிட்டது. மலையக மக்கள் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்த 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களில் நம் அங்கத்தவர் இருவரும் இருந்தார்கள். மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியைக் கடக்கும்போது, சேற்றில் செங்கல் நிறச் சிறு பறவைகள் மேய்வதைக் கண்டதாக வந்து சொன்னார்கள். நாம் அதுவரை கடற்கரைக்குப் போனதெல்லாம் மார்கழி, தை மாதங்களில்தான். அப்போது பார்த்த உள்ளான்கள், அதாவது சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள், எல்லாம் சாம்பல் நிறம். சிவப்பு உள்ளான் எது என்று அன்றைய கூட்டத்தில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

வழக்கம்போல் தெற்குக் கரையிலுள்ள புந்தலைக்கே போகலாம் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் 1990 இல் இலங்கையிலிருந்து முதலாவதாகச் சேர்ந்தது அது. ஆனால் லுணுகம்வெஹர நீர்ப்பாசனத்தின் கழிவுநீர் எம்பிலிகல, மலல களப்புகளில் இறங்கி உப்பைக் குறைத்துவிட்டது. உப்புநீர்ச் சிற்றுயிர்களைத் தின்று வாழும் பூநாரைக் கூட்டங்களை அங்கே காண்பது அரிதாகிவிட்டது. மழைக்காலத்தில் அவை கூடுவது வடக்கில், மன்னார், யாழ்ப்பாணக் களப்புகளில். வங்காலை 2008 இல் சரணாலயமானது; 2010 இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது; பரப்பு 4,839 ஹெக்டயர். இந்த விவரங்களை எடுத்துச் சொன்ன பிறகு சபை மன்னாருக்குச் சம்மதித்தது.

வெள்ளி இரவு ஹட்டனில் தூறலோடும் பனிமூட்டத்தோடும் வேன் ஏறினோம். கண்டி, மாத்தளை, தம்புள்ளை, அநுராதபுரம், மதவாச்சி தாண்டி விடியலில் தாம்போதியில் இறங்கியபோது மண் வெடித்துக் கிடந்தது, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஆளையே தள்ளியது. தொலைநோக்கியின் முக்காலி நடுங்கியதால் முதல் அரை மணி நேரம் எதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை. பிறகு முக்காலியைத் தாழ்த்தி, அதன் நடுவில் தண்ணீர்ப் போத்தல் பையைத் தொங்கவிட்டு, வேனின் மறைவில் குந்தியிருந்து பார்த்தோம். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பி எல்லாப் பறவையும் ஒரே புகையாகத் தெரியும். ஆகவே விடிந்ததிலிருந்து மூன்று மணி நேரமே வேலை நேரம் என்பதைப் புதிய அங்கத்தவர்கள் குறித்துக்கொள்ளவும்.

அந்த மூன்று மணி நேரத்தில் கண்டதே போதும். வளைமூக்கு உள்ளான்கள், வயிற்றில் இனப்பெருக்கக் காலத்துச் செங்கல் நிறம் திட்டுத் திட்டாகக் கலைந்துபோன நிலையில், வரிசையாகச் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரிக்கும் இனம் இது. ஆண் பறவை அடைகாப்பதில்லை. யூலைத் தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பிவிடும். குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வது பெண். அதுவும் குஞ்சுகளுக்கு முன்னால் புறப்பட்டுவிடும். தாய்தகப்பன் வழிகாட்டாமல் அந்தக் குஞ்சுகள் தாமாகவே வழி கண்டுபிடித்துப் பின்னால் வந்து சேர்கின்றன. இதை உயர்தர வகுப்பு மாணவி ஒருத்திக்குச் சொன்னபோது அவள் தொலைநோக்கியை விட்டு எழும்பவே இல்லை. மார்கழியில் போனால் இந்தக் கதையின் ஒரு வரியையும் வாசிக்க முடியாது, எல்லாம் சாம்பலாகியிருக்கும்.

வலை தோளில் போட்டு வந்த வங்காலை மீனவர் ஒருவர் எங்களோடு நின்று பார்த்தார். “உதுகள் சிவப்பா வந்து இறங்குங்கள் தங்கச்சி, மாரி மழை முடியிறதுக்குள்ள நிறம் மாறிப்போயிடுங்கள்” என்றார். நாம் புத்தகத்தில் தேடிய விடை அவர் வாயிலேயே இருந்தது.

மணல் மேட்டில் ஓடித்திரிந்த இன்னொரு சிறு பறவை வலசை வந்ததே அல்ல, இங்கேயே முட்டையிட்டு வாழ்வது. கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு பிரிவாகக் கருதப்பட்டிருந்த இதை 2023 இல் ஆய்வாளர்கள் தனி இனமாகப் பிரித்து, இராமர் பாலத்தை அண்டி வாழ்வதால் அனுமன் உப்புக்கொத்தி என்று அழைத்தார்கள். றம்பொடை அனுமார் கோவிலுக்குப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகளின் சந்தோஷத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும்போது நம் மூத்த அங்கத்தவர் ஐயா தாம்போதியில் வேனை நிறுத்தச் சொன்னார். அவருடைய அப்பாயி சிறுமியாக இந்தப் பக்கமாகத்தான் வந்து இறங்கினாராம். சிறிது நேரம் நின்றுவிட்டு ஏறிக்கொண்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மலைநாட்டு வேலையும் நின்றுவிடவில்லை. தோட்டத்துத் தண்ணீர்ப் பீலிக்கரைகளுக்கு மஞ்சள் வயிற்று வாலாட்டிக் குருவி வந்த நாளைக் கொழுந்து பறிக்கும் அக்காமார் நமக்கு முதலில் அறிவித்தார்கள். ஆறுமணிக்குருவி ஒன்று களைத்துப்போய் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டு வாசலில் விழுந்தது. பெட்டியில் இருட்டாக வைத்திருந்து மறுநாள் மாலை பறக்கவிட்டோம். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் காஷ்மீர் ஈபிடிப்பானைத் தேடி இருமுறை போய், இரண்டாவது முறை கண்டோம்.

இனி, சபையிடம் இரண்டு கோரிக்கைகள். கடற்கரைப் பயணத்தை நிரந்தரமாக ஓகஸ்ட் கடைசிக்கு மாற்ற வேண்டும்; முடிந்தால் ஒக்டோபரில் சிறு குழுவொன்று மறுபடி போய், பின்னால் வரும் குஞ்சுகளைப் பார்க்க வேண்டும். அவற்றின் முதுகில் செதில் போன்ற விளிம்பு இருக்கும், மார்பு வெளிர் ஆரஞ்சு நிறமாக இருக்கும். பெரியவற்றிலிருந்து எளிதாகப் பிரித்தறியலாம். அடுத்து, தோட்டத்திலும் கரையிலும் சனங்கள் பறவைகளுக்குச் சொல்லும் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். தெரிந்த பெயர்களை, எந்தத் தோட்டத்தில் கேட்டது என்பதோடு, இன்றே என்னிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

செயலாளர்