புதுச்சேரி பேண்டு வாத்தியக் கலைஞர்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மாஸ்டர்களே, சக வாத்தியக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரைக்குமான அறிக்கையைப் படிக்கிறேன். போன வருஷம் நான் படித்தது ஒன்றரைப் பக்கம். அதிலும் பாதி நன்றி அறிவிப்பு. இந்த வருஷம் கொஞ்சம் நீளும். காரணம் ஒரு தகரப் பெட்டி. டீ சொல்லியாகிவிட்டது, வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் துக்கச் செய்தி. நம் மூத்த கிளாரினெட் கலைஞர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நாம் எல்லோரும் சொல்தா தாத்தா என்று கூப்பிட்டவர், ஜூன் மாதம் காலமானார். வீட்டிலிருந்து வாய்க்கால் வரை மெதுவாகவும், திரும்பி வரும்போது அவருக்குப் பிடித்த நடையிலும் வாசித்தோம். ஒருவரும் கூலி கேட்கவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் அவர் மகள் அந்தத் தகரப் பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே இசைத்தட்டுகள். “அப்பா சங்கத்துப் பசங்களுக்குக் கொடுக்கச் சொன்னார்” என்றார். அவ்வளவுதான்.

தட்டு இருக்கிறது, போட்டுக் கேட்க பிளேயர் இல்லை. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேரம் பேசிப் பழைய பிளேயர் ஒன்றை வாங்கினோம். முதல் தட்டைப் போட்டதுமே நம் இரண்டாம் கிளாரினெட்காரர் முகத்தைச் சுளித்தார். “அண்ணே, சுருதி அரைக்கட்டை இறங்கியிருக்கு.” யாரும் நம்பவில்லை. அவர் கிளாரினெட்டை எடுத்து ஊதிக் காட்டிய பிறகுதான் தெரிந்தது, தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் தளர்ந்து மெதுவாகச் சுற்றுகிறது என்று. தையல் மெஷின் ரிப்பேர் கடையில் ஒரு பெல்ட் கிடைத்தது. மாட்டினோம், சுருதி ஏறியது. அன்று முதல் மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஒரு தட்டு என்று வழக்கம் வைத்துக்கொண்டோம்.

நிலைத்து நின்ற தட்டு ஒன்றுதான். சிதாருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக ரவிசங்கர் எழுதியது. நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் திருவிழா மேடையில் சினிமாப் பாட்டு பாடுகிற குழு. அங்கே அது வயலின், செல்லோ, டிரம்பெட், டிம்பனி என்று பெரும் கூட்டமாக உட்கார்ந்து ஒருவர் கைக்குச்சியைப் பார்த்து வாசிப்பது. இதை எழுதச் சொன்னதும் வாசித்ததும் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. அரங்கேறியது 1971 ஜனவரியில், லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில். நான்கு பாகம், நான்கு ராகம்: கமாஜ், சிந்து பைரவி, அடாணா, மாஞ்ச் கமாஜ். இவை வடக்கத்தி ராகங்கள். கமாஜ் கிட்டத்தட்ட நம் கர்நாடக சங்கீத அரிகாம்போதியின் ஸ்வரங்களிலேயே நடப்பது. அடாணா வந்ததும் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்த நம் டிரம்பெட் தம்பி, “இது அடாணாவே இல்லையே” என்று சண்டைக்கு வந்தான். பேர் ஒன்றுதான், வடக்கு அடாணா வேறு, நம்முடையது வேறு. அதை அவனுக்குப் புரியவைக்க ஒரு மாலை போனது.

அட்டையில் ரவிசங்கர் பேரோடு இன்னொரு பேர்: ஆந்த்ரே பிரெவின். குச்சி பிடித்தவர். தமிழில் நடத்துநர் என்று எழுதினால் டிக்கெட் கிழிப்பவர் ஆகிவிடுவார், அதனால் மாஸ்டர் என்றே சொல்கிறேன். யார் இந்த மாஸ்டர் என்று கேட்டுத் தேடப் போய்த்தான் நம் வருஷம் முழுக்க அவரிடம் மாட்டிக்கொண்டது.

1929-ல் பெர்லினில் பிறந்தவர். யூதக் குடும்பம். சின்ன வயதிலேயே பெர்லின் இசைப் பள்ளியில் சேர்ந்தார்; யூதர் என்பதால் 1938-ல் வெளியே அனுப்பினார்கள். குடும்பம் பாரிஸுக்கு ஓடியது, அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ். அப்பா பெர்லினில் வக்கீல், அமெரிக்காவில் பியானோ டியூஷன் எடுத்துப் பிழைத்தார். பையன் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள்ளேயே ஹாலிவுட்டின் எம்ஜிஎம் சினிமா ஸ்டுடியோவில் இசைக்குறிப்பு எழுதும் வேலைக்குப் போய்விட்டான். ஆர்ட் டேட்டம் என்ற கலைஞரின் பியானோவைக் கேட்டு ஜாஸ் பைத்தியமும் பிடித்தது; ஜாஸ் என்றால் அமெரிக்கக் கறுப்பர்களிடம் பிறந்த, வாசிக்கும்போதே மனோதர்மமாகக் கூட்டி வாசிக்கிற இசை. பிறகு சினிமா இசைக்கு நான்கு ஆஸ்கர்.

நம் ஆட்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த கதை ‘மை ஃபேர் லேடி’ கதை. அந்த இசை நாடகத்தின் பாட்டுகளை 1956-ல் டிரம்ஸ் ஷெல்லி மேன், பாஸ் லெராய் வின்னேகர், பியானோ பிரெவின் என்று மூன்றே பேர் ஜாஸாக வாசித்துப் போட்ட தட்டு அமோகமாக விற்றது. எட்டு வருஷம் கழித்து அதே நாடகம் படமானபோது, அதே பாட்டுகளைப் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்குப் பண்ணி வாசிக்கவைத்து நான்காவது ஆஸ்கர் வாங்கினார். மெட்டு ஒன்று, உடுப்பு இரண்டு. இதை நான் படித்துக் காட்டியபோது நம் பெரிய டிரம்காரர், “இதைத்தானே நாம பண்றோம்? மாதா தேர்ப்பவனியில போன பாட்டையே தாளத்தை மாத்திப் பொண்ணழைப்புல போடலையா?” என்றார். கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுப் பொய் இல்லை. ஜாஸே நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் சாவு ஊர்வலத்துக்குப் போன பேண்டுகளின் பக்கத்தில் வளர்ந்ததுதான். அவர்களும் போகும்போது மெதுவாக, திரும்பும்போது துள்ளலாக. சொல்தா தாத்தாவுக்கு நாம் செய்தது போல.

முப்பதைத் தாண்டியதும் சினிமா போதும் என்று அவர் குச்சி பிடிக்கப் போனார். அதற்கான பாடத்தை முன்பே, ராணுவத்தில் இருந்த நாளில், சான் பிரான்சிஸ்கோவில் பியேர் மோந்த்தோ என்ற பிரெஞ்சு மாஸ்டரிடம் படித்திருந்தார். ஹைடன் என்ற பழைய மேதை எழுதிய ஒரு சிம்பொனியை (ஆர்கெஸ்ட்ராவுக்கான நீண்ட உருப்படி) நடத்திவிட்டு வந்தவரிடம் மோந்த்தோ, வாத்தியக்காரர்கள் நன்றாக வாசித்தார்களா என்று கேட்டாராம். ஆமாம் என்று இவர் சொல்ல, எனக்கும் அப்படித்தான் பட்டது, அடுத்த தடவை அவர்களுக்குக் குறுக்கே போகாதே என்றாராம். இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நம் மாஸ்டர்கள் இருவர் மட்டும் சிரிக்கவில்லை.

1967-ல் ஹூஸ்டன் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாஸ்டர், 1968 முதல் 1979 வரை லண்டன் சிம்பொனிக்கு, 1976 முதல் பிட்ஸ்பர்க்குக்கும், அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ், ஆஸ்லோ. ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவின் இரண்டாம் சிம்பொனியை ஆங்காங்கே வெட்டி வாசிப்பது வழக்கமாக இருந்த காலத்தில், வெட்டாமல் முழுசாக 1973-ல் பதிவு செய்தார். 1971 கிறிஸ்துமஸுக்கு பிபிசி டிவியில் இரண்டு நகைச்சுவை நடிகர்களோடு ஒரு மாஸ்டராகவே வந்து, தன்னைக் கேலி செய்ய முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அதில் அவர் பேரைத் தப்பாகச் சொல்வார்கள். அதற்கப்புறம் லண்டன் டாக்ஸிக்காரர்களும் அந்தத் தப்புப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம். வயதான பிறகும் ஜாஸை விடவில்லை, ரே பிரவுன், ஜோ பாஸ் என்று பெரிய ஆட்களோடு தட்டு போட்டார். 1998-ல் ஓர் ஓப்பரா, அதாவது பாட்டாகவே நடக்கும் மேடை நாடகம், எழுதினார். 2019 பிப்ரவரியில் நியூயார்க்கில் இறந்தபோது வயது 89.

இவ்வளவையும் அறிக்கையில் ஏன் சொல்கிறேன்? இந்த வருஷம் ஒரு விழாவில் நமக்கு நடந்ததை எல்லோரும் அறிவீர்கள். வாசல் வெயிலில் மூன்று மணி நேரம் நிற்கவைத்தார்கள். மேடையில் இரண்டு உருப்படி வாசிக்கிறோம் என்று கேட்டதற்கு, அங்கே இருந்த பெரிய மனிதர் ஒருவர், “நீங்க எல்லாத்தையும் வாசிப்பீங்கப்பா, எதையும் உருப்படியா வாசிக்க மாட்டீங்க” என்றார். பேசிய கூலியில் பாதி இன்னும் வரவில்லை, அதுகூடப் பரவாயில்லை. பிரெவினுக்கும் இதே பேச்சுதான் கிடைத்தது. சிம்பொனி விமர்சகர்கள் பலருக்கு அவர் கடைசிவரை ஹாலிவுட்டில் இருந்து வந்த ஆள். ஜாஸ்காரர்கள் சிலருக்கு பியானோ ரொம்பப் பளபளப்பு. அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த ஒத்திகைக்குக் குறிப்பைப் படித்துவிட்டுப் போனார்.

அந்தக் குறிப்புதான் விஷயம். சின்ன வயதில் அவர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, இருவர் நான்கு கையால் ஒரே பியானோவில் வாசிக்கும்படி எழுதிய சிம்பொனிகளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கவைப்பாராம். தப்பு வந்தாலும் நிறுத்தக் கூடாது. ஸ்டுடியோவிலும் காப்பாற்றியது அந்தப் பழக்கமே. நம்மிடம் ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு, படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது மூன்று பேர், மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். மீதிப் பேர் செல்போனில் கேட்டு வாசிக்கிறோம். காதால் பிடிப்பதைக் குறைவென்று நான் சொல்லவில்லை. பெல்ட் தளர்ந்ததைக் கண்டுபிடித்தது காதுதான். ஆனால் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால் கை நடுங்குகிறதே? அதனால் செப்டம்பர் முதல் ஞாயிறு காலை நோட்ஸ் வகுப்பு ஆரம்பித்தோம். முதல் வாரம் பதினெட்டுப் பேர், தீபாவளி சமயம் ஆறு பேர், இப்போது பதினொன்று. கல்யாண முகூர்த்தம் ஞாயிற்றில் விழுந்தால் வகுப்பு செவ்வாய்க்கு மாறும். எல்லாவற்றிலும் கெட்டிக்காரி நம் சாக்ஸபோன் கலைஞரின் மகள், எட்டாம் வகுப்பு. அவளுக்கு இன்னும் சொந்த வாத்தியம் இல்லை. அப்பா சவாரியில் (வெளியே வாசிக்கப் போகும் வேலையில்) இல்லாத நேரம் அவருடையதை எடுத்து வாசிக்கிறாள்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஒத்திகைக் கொட்டகையில் முழங்கால் தண்ணீர். இரண்டு சைடு டிரம் தோல் போயிற்று, யூஃபோனியம் என்ற பித்தளை ஊதுவாத்தியத்தின் வால்வு உப்பும் சேறும் ஏறி இறுகிவிட்டது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, வெந்நீரில் கழுவி, மூன்றாம் நாள்தான் அசைந்தது. தகரப் பெட்டியை மட்டும் யாரோ முந்தின நாளே பரண்மேல் ஏற்றியிருந்தார்கள். யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு சங்கத்தின் நன்றி.

வரவு செலவை அடுத்து பொருளாளர் படிப்பார். மாசி மகத்துக்கும் வீராம்பட்டினம் தேருக்கும் போன குழுக்கள் சங்கத்துக்குத் தரவேண்டிய பங்கு முழுக்க வந்துவிட்டது, சந்தோஷம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பேரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பொதுக்குழு முன் இரண்டு தீர்மானங்கள். ஒன்று, முன்பணம் பாதி வாங்காமல் எந்தக் குழுவும் சவாரி ஒப்புக்கொள்ளக் கூடாது. இரண்டு, வாத்திய நிதியில் இருந்து ஒரு பழைய ஆல்ட்டோ சாக்ஸபோன் வாங்கி, அதன் துளைகளை மூடும் பேடுகளை மாற்றி, நோட்ஸ் வகுப்புக்கென்று வைப்பது. முதலில் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இசைத்தட்டு பிளேயரை வீட்டு விசேஷத்துக்கு இரவல் கேட்டு இனி யாரும் வரவேண்டாம். ஊசி ஒன்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்