வேதபாடம் என்றே டிக் அடித்தேன்

ஏட்டி,

இந்த ஜூனில் மகளை நம்ம மிஷன் ஸ்கூலிலேயே ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். வேறு யாராவது சொல்லி உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் இப்படி ஊரறிய எழுத வேண்டியிருக்கிறது. நம்ம பேட்ச் ஆட்களும் படிப்பார்கள் என்பதால் யார் பெயரும் இல்லை. அந்த வார்டனைப் பற்றி இங்கே ஒரு வரியும் எழுதமாட்டேன். உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், போதும்.

அட்மிஷன் வரிசையில் நிற்கும்போது அந்த வேப்பமரம் கண்ணில் பட்டது. அதற்கப்புறம் எதுவும் ஓடவில்லை. கிறிஸ்மஸுக்கு முன்னால் போர்டிங் பிள்ளைகள் ஜெர்மனி ஸ்பான்சர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுகிற நாட்கள். பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நீ உருண்டை எழுத்தில் எழுதுவாய். எட்டாம் வகுப்பில், ‘இந்த ஹாஸ்டல் எனக்கு வீடு மாதிரி’ என்று ஒரு வரி சொன்னேன். பேனாவை எடுத்துவிட்டாய். “வீடுன்னு எழுதச் சொல்லாதட்டி. சாப்பாடு நல்லாருக்குன்னு எழுதுதேன், நல்லாப் படிக்கேன்னு எழுதுதேன்.” அந்த மாதிரி வரிதான் அவங்களுக்குப் பிடிக்கும் என்று நான் விடவில்லை. எழுதினாய். பனி மூடிய சர்ச் படம் போட்ட கார்டு பதிலாக வந்தது, தொட்டால் விரலில் மினுக்கு ஒட்டும். அந்த வரிக்குத்தான் அந்த அம்மா தனியாக நன்றி எழுதியிருந்தார். “இது ஒனக்கு வந்ததுதான், வச்சுக்கோ” என்று என் பைக்குள் திணித்துவிட்டுப் போனாய். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

எனக்கு அது வீடுதான், ஏட்டி. அதை எப்படி இல்லையென்று சொல்வேன்? திருநீறு பூசின வீட்டிலிருந்து வந்த பிள்ளை ஜெபத்தில் கண்ணை மூடினாலே டீச்சர்களுக்குப் பூரிப்பு. வேதபாடத்தில் நான் பரிசு வாங்கினால் அசெம்பிளியே கைதட்டும். நீ பைபிளிலிருந்து சங்கீதம் சங்கீதமாக மனப்பாடம் சொன்னாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீ அவர்கள் பிள்ளை, சொல்லத்தானே வேண்டும். ஆனால் உன் ஊர்ப் பெயரைக் கேட்டதும் சிலர் முகம் மாறுமே, அப்போது மட்டும் நீ அவர்கள் பிள்ளை இல்லை. 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர், எல்லாச் சாதிப் பையன்களும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். அந்த ஊரில்தான் இதுவும்.

சான்றிதழ் விஷயமும் அப்போது எனக்கு விளங்கவில்லை. ஒரே தெரு, உன் பெரியப்பா மகளுக்கு எஸ்.சி., உனக்கு பி.சி. கவுன்சிலிங்கில் அவளுக்கு சீட் கிடைத்தது, உனக்கு இல்லை. 1950 ஜனாதிபதி ஆணையில் இந்துக்களுக்கு மட்டும்தான் எஸ்.சி. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990ல் பௌத்தரைச் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களான உங்களைச் சேர்க்கவில்லை. சர்ச்சிலும் சாதி பார்த்தார்கள், சர்க்கார் மட்டும் உனக்குச் சாதியே இல்லை என்றது.

மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் கேட்கிறேன். ஆனால் எதற்கென்று நீ சொல்ல வேண்டும். உன் இடத்தை நான் பிடுங்கவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், உட்கார்ந்தேன், பதிமூணு வயசு. “அது ஒன் ஸ்கூலு” என்று ஒரே வார்த்தையில் என்னை வெட்டிவிட்டாயே, அது நியாயமா? உன் அப்பா இறந்ததைக்கூட மூன்றாம் ஆள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். உங்க வீட்டுக் கருப்பட்டிக் காப்பியைக் குடித்து வளர்ந்தவள் நான்.

மகளை ஏன் சேர்த்தேன் என்று கேட்பாய். இருட்டும்வரை கூட உட்கார்ந்து கணக்குச் சொல்லித்தருகிற டீச்சர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். வேறு எங்கேயும் நான் அதைப் பார்க்கவில்லை. ஸ்பான்சர் பிள்ளைகளை இப்போதும் கையில் நம்பர் எழுதிய சிலேட்டோடு நிற்கவைத்துப் போட்டோ எடுக்கிறீர்களா என்று ஆபீசில் கேட்டேன். அதெல்லாம் இப்ப இல்லை என்றார்கள். உனக்காகத்தான் கேட்டேன், தெரிந்துகொள்.

வேதபாடமா, நீதிபோதனையா என்று ஃபாரத்தில் கேட்டிருந்தது. வேதபாடம் என்றே டிக் அடித்தேன். நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அதைப் போன் பண்ணிச் சொல்லு.