ஐப்பசி மழைக்கு முன் ரூ.82,500 வேண்டும்: ஊர் மனநல மையத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

மறைக்காட்டு ஈசன் துணை. ஊர்ப் பெரியோர், தாய்மார், வெளியூர், வெளிநாட்டுச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறியது. விழுந்த தென்னையை எண்ணினார்கள். தூக்கம் போனவர்களை யார் எண்ணுவது? நெட்டைத் தென்னை காய்க்க 6, 7 ஆண்டு ஆகும். அதுவரை கடனும் கவலையும்தான். கடல் சூடேற ஏறப் புயல் சீக்கிரமே வலுக்கிறது. அதனால் கார்த்திகைக் காற்றுக்குப் படபடப்பவரிடம் "மறந்துடுப்பா" என்பது ஆறுதல் ஆகாது.

மையத்துக்கு வருபவரிடம் கேட்டு, மனச்சோர்வை அளக்கும் 9 கேள்வித் தாளைத் தொண்டர்கள் முதலில் நிரப்புவார்கள். மதிப்பெண் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லை" தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றே மருத்துவர். அதுவரை ஆளைத் தனியே விடக்கூடாது, பூச்சிமருந்து வீட்டில் இருக்கக்கூடாது. மற்றவர்களுக்கு வாரம் ஒன்றாக 5 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம்: மூச்சுப் பயிற்சி, சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது, விட்ட வேலையைத் தொடங்குவது, உறவோடு மறுபடி சேர்வது. புயலடித்த கையோடு "நடந்ததை முழுசா சொல்லு" என்று துருவக்கூடாது. அது காயத்தைக் கூட்டும். தண்ணீர், இருக்க இடம், குடும்பத்தார் பற்றிய தகவல், இவைதான் முதல். ராத்திரியில் அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடலாம், கட்டணமில்லை.

செலவு: ஆலோசகர் 6 மாதம் ரூ.1,08,000. தகரத்தை எடுத்து ஓடு போட ரூ.65,000 (தகரத்தில் மழை விழுந்தால் பேச்சு கேட்காது, பயந்தவருக்கு அந்தச் சத்தமே புயல்). பயிற்சிக்கு ரூ.15,000, பெட்ரோல் ரூ.12,000, அச்சு ரூ.3,500. ஆக ரூ.2,03,500. வந்தது ரூ.1,21,000.

அதைத் தந்தவர்களை வணங்குகிறோம். உப்பளக் கூலியிலிருந்து பத்தும் இருபதுமாகச் சேர்த்த பெண்கள், சீட்டுப் பணத்தை அப்படியே தந்த மகளிர் குழு, சிங்கப்பூரில் ஓவர்டைம் பார்த்து அனுப்பிய தம்பிகள், மேசை நாற்காலி செய்து கூலி வேண்டாம் என்ற ஆசாரி, எல்லார் குடும்பமும் தழைக்கட்டும்.

1930-இல் உப்புச் சத்தியாகிரகிகளுக்குச் சோறு போட்டால் சிறை என்று கலெக்டர் தார்ன் மிரட்டியபோது, மரக்கிளையில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்ட மண் இது. இன்று கொடுப்பதற்கு யாரும் சிறையில் போடப்போவதில்லை.

ஓடு வேய்பவர் முன்பணம் இல்லாமல் வரமாட்டார். அக்டோபர் 10-க்குள் பணம் சேர வேண்டும். போன கூட்டத்தில் நோட்டில் தொகை எழுதியவர்களில் 23 பேர் இன்னும் கட்டவில்லை. பெயர்ப்பட்டியல் ஒட்டும் நிலைக்கு எங்களைத் தள்ள வேண்டாம். பொருளாளரிடம் கட்டி ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மையக் கட்டடக் குழு