அந்த வலது பக்க ஹெட்லைட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பின ஏழு போட்டோவையும் நேற்று ராத்திரி அப்பாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். கார் அழகாகத்தான் இருக்கிறது. சொந்தச் சம்பாத்தியத்தில் நீ ஆசைப்பட்டு வாங்கும் முதல் கார், பழையதானாலும் சொகுசுக் கார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் மூன்றாவது போட்டோவில் என் கண் நின்றுவிட்டது. இடது ஹெட்லைட் லேசாக மஞ்சள் பூத்திருக்கிறது. வலது ஹெட்லைட் பளிச்சென்று இருக்கிறது. ஒரே வெயிலில் ஐந்து வருஷம் நின்ற காருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் மங்கும். வலது பக்கம் என்னவோ நடந்து, விளக்கை மாற்றியிருக்கிறார்கள் போல. சின்ன இடியாகவே இருக்கட்டும், என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்.

"சர்டிஃபைட் கார்தானேம்மா, கம்பெனியே செக் பண்ணித்தான் கொடுக்கிறது" என்றாய். சர்டிஃபைட் என்று யார் வேண்டுமானாலும் எழுதி ஒட்டலாம், கண்ணு. காரைத் தயாரித்த கம்பெனியின் சொந்தத் திட்டம் என்றால் வாரண்டி அந்தக் கம்பெனியுடையது. அவர்களின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்களில் வேலை நடக்கும். விற்பவரே தன் கடைப் பெயரில் கொடுக்கும் சர்டிஃபிகேட் வேறு. அதன் பின்னால் நிற்பது பல நேரம் மூன்றாவதாக ஒரு வாரண்டி கம்பெனி. அவர்கள் சொல்லும் பட்டறைக்குத்தான் நீ போக வேண்டியிருக்கும். அதனால் கையெழுத்து யாருடையது என்பதை முதலில் பார்.

அடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைச் சோதித்தோம் என்று போர்டில் போட்டிருப்பார்கள். இந்தக் காருக்கென்று நிரப்பின தாளைக் கேட்டு வாங்கு. தேதி, சோதித்தவரின் கையெழுத்து, ஒவ்வொரு டயரின் ஆழம், பிரேக் பேடின் கனம் எல்லாம் அதில் மில்லிமீட்டரில் எழுதியிருக்க வேண்டும். புது டயரின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு 1.6. 7 இருந்தாலும் டிக் போடலாம், 3 இருந்தாலும் டிக் போடலாம். அளவே இல்லாமல் டிக் மட்டும் வரிசையாக ஓடுகிற தாளை நான் நம்ப மாட்டேன். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் செக்‌ஷனில் வேலை பார்த்து அப்படி எத்தனையோ தாள்களைப் பார்த்துவிட்டேன்.

எங்களுக்கு நடந்ததை நீ ஹாஸ்டலில் இருந்தபோது உன்னிடம் சொல்லவில்லை. நாங்களும் இப்படி ஒரு சர்டிஃபைட் கார்தான் வாங்கினோம், ஏர் சஸ்பென்ஷன் வைத்தது, அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரப்பின ரப்பர் பை வண்டியைத் தாங்கும். நாலாவது மாசம் ஒரு காலையில் வெளியே போனால், கார் பின்பக்கம் இடது மூலையில் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறது. மற்ற சக்கரங்களில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் போகிறது. அங்கே ஒரு விரல்கூட நுழையவில்லை. ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு காற்றை ஏற்றியது, வண்டி மெல்ல எழுந்து சரியாக நின்றது. ஏர் ஸ்பிரிங் ரப்பரில் விரிசல். ராத்திரி முழுக்கக் காற்று கசிந்திருக்கிறது. ஈடுகட்ட ஓடி ஓடிக் கம்ப்ரஸரும் தேய்ந்துபோய்விட்டது. நாங்கள் பார்க்கப் போன அன்று விற்றவர்கள் வண்டியை அப்போதுதான் ஓட்டிக்கொண்டு வந்து, காற்று ஏறின நிலையில் நிறுத்தியிருந்தார்கள். எங்களுக்கு எப்படித் தெரியும்?

வாரண்டி இருக்கிறதே என்று போனோம். ஏர் ஸ்பிரிங் தேய்மானப் பொருள், அதனால் கணக்கில் வராது என்று பதினோராம் பக்கத்தில் அச்சடித்திருந்தது. அப்பா அந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தாளை மடித்து வைத்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் வாரண்டி புத்தகத்தில் எது அடங்கும் என்ற பக்கத்தைவிட எது அடங்காது என்ற பக்கத்தை நிதானமாக வாசி. இன்ஜினும் கியர்பாக்ஸும் மட்டுமா, சஸ்பென்ஷன், எலெக்ட்ரானிக்ஸ், திரை, கேமரா எல்லாமுமா? ஒவ்வொரு ரிப்பேருக்கும் உன் கையிலிருந்து எவ்வளவு? வாரண்டி நீ வாங்கும் நாளிலிருந்து ஓடுகிறதா, பழைய வாரண்டி முடிந்த நாளிலிருந்தா? கிலோமீட்டர் வரம்பு உண்டா? இந்த ரகக் கார்களில் விலை இறங்குவது காருக்குத்தான்; உதிரி பாகம் புதுக் காரின் விலைக்கு ஏற்றபடியேதான் இருக்கும்.

பார்க்கப் போகும்போது காலையிலேயே போ. நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முந்தின நாளே சொல்லிவை. போனதும் பானட்டில் கை வைத்துப் பார், ஜில்லென்று இருக்க வேண்டும். நாலு சக்கரத்திலும் விரல் வைத்து அள. பிறகு நீயே ஸ்டார்ட் செய். முதல் சில நொடிகள் சங்கிலி ஆடுகிற மாதிரி கலகல சத்தம் வந்தால் இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினைப் பார்க்கச் சொல். பின்னால் நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது. நாலும் ஒரே கம்பெனியா என்றும் பார். ரன்-ஃபிளாட் டயர் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) என்றால் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது, மாற்றும் செலவும் கூடுதல்.

மூடி மறைத்த பெயின்ட் வேலையைக் காந்தம் வைத்துக் கண்டுபிடிப்பது அப்பா காலத்து வித்தை. இந்தக் கார்களில் பானட்டும் கதவும் பல நேரம் அலுமினியம், காந்தம் ஒட்டவே ஒட்டாது. அலுமினியத்திலும் பெயின்ட்டின் கனத்தை அளக்கும் பெயின்ட் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போ. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு பேனல் மட்டும் 300-ஐத் தாண்டினால் அங்கே மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள், ஒருவேளை பள்ளத்தை நிரப்பப் பட்டியும் பூசியிருப்பார்கள்.

வெள்ளத்தில் மூழ்கின கார்களின் ஃபைல்கள் இன்னும் என் கனவில் வரும். சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பட்டாலும் சில மாசம் நன்றாக ஓடும், பிறகு வயர் கனெக்டர் ஒவ்வொன்றாகப் பச்சைக் களிம்பு பூக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்; கறைக்கோடு இருந்தால் அங்கே தெரியும். டிக்கியின் அடித்தட்டையும் தூக்கிப் பார்.

சர்வீஸ் பில்களைத் தேதிவாரியாக அடுக்கு. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் போதும் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. இத்தகைய பல கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. காரின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் போடும்போது, பிழைகளை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்க்கச் சொல். பல கார்களில் அது தெரியும். நேற்றுத்தான் அழித்தார்கள் என்றால் ஏன் அழித்தார்கள் என்று கேள். சேசிஸ் நம்பர் 17 எழுத்து, வண்டியிலும் ஆர்.சி.யிலும் ஒன்றேயா என்று ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடு. அதே நம்பரைக் கொடுத்தால் பாக்கி ரீகால் வேலை (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று கம்பெனி சொல்லும். இரண்டு சாவியும் வாங்கு. பழைய உரிமையாளரின் மொபைல் ஆப் கணக்கை உன் கண்ணெதிரே நீக்கச் சொல்.

வெளி மெக்கானிக் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை என்றால் அந்தக் கார் வேண்டாம், பாப்பா. வேறு பார்க்கலாம். அட்வான்ஸ் போய்விடுமே என்று யோசிக்காதே. அதை அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம்.

வாரண்டி புத்தகத்தை முழுசாக பிடிஎஃப்பாக வாங்கி அனுப்பு. சனி, ஞாயிறு உட்கார்ந்து வாசித்துக் குறி போட்டு அனுப்புகிறேன். அப்புறம் பானட்டைத் திறந்து, வலது ஹெட்லைட்டையும் அந்தப் பக்க மட்கார்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஒரு போட்டோ எடு, கிட்டே வைத்து, ஃபிளாஷ் போட்டு. கழற்றி மாட்டினதில் ஸ்பானர் பட்டிருந்தால் விளிம்பில் பெயின்ட் உரிந்திருக்கும்.

அன்புடன்,
அம்மா